அழியாத எழுத்து

வீடு மாறிச் செல்வோர், சாவியை ஒப்படைக்குமுன் வெறும் வீட்டை ஒருமுறை சுற்றிவருவர். பரணில் ஏதேனும் தங்கியதோ, மாடத்தில் காகிதம் கிடக்கின்றதோ, சுவரில் மாட்டிய படம் எஞ்சியதோ என்று நோக்கிய பின்னரே கதவைச் சாத்துவர். அத்துணைக் கருத்துடையவரே, பத்தாண்டு பழகிய கணினியைப் பழைய விலைக்குத் தள்ளும்போது அதனுள் என்ன இருக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. திரையில் கீறல் உண்டா, விசைப்பலகை தேய்ந்ததா என்று பேரம் பேசுகின்றனர், பணத்தை எண்ணி வாங்குகின்றனர், வீடு திரும்புகின்றனர். அவர்தம் வாழ்க்கையின் பெரும்பகுதி கடைக்காரரின் மேசைமேல் கிடக்கின்றது.

கணினியில் எழுத்தைச் சேமிக்கும் முதல் வன்தட்டு 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கி அமைத்த அந்தப் பெரும்பொறி ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்று விரல்நகம் அளவுள்ள ஒரு சில்லு அதைப்போல் பல்லாயிரம் மடங்கு தாங்குகின்றது. இடம் குறைவாக இருந்த காலத்தில் வேண்டாதவற்றை மக்கள் தாமே களைந்தனர். இடம் பெருகிய பின்னர்க் களைவது நின்றது. வங்கிக் கணக்கு எண், மருத்துவர் தந்த சீட்டு, நிலப் பத்திரத்தின் படி, மகளின் மதிப்பெண் பட்டியல், நண்பனிடம் பட்ட மனத்தாங்கலை விரித்துரைத்த மடல் ஆகிய யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. குவித்தவரே மறந்துவிடுகின்றார். பொறி மறப்பதில்லை.

பழைய கணினிகளில் உண்மையில் எஞ்சியிருப்பது யாது? அமெரிக்க நாட்டின் மாசச்சூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாத் என்னும் ஆய்வு மாணவர் இருவர் இதனை ஆராயப் புகுந்தனர். ஏலத்திலும் பழம்பொருட் கடைகளிலும் 158 வன்தட்டுகளை அவர்கள் விலைக்கு வாங்கினர். அவற்றுள் 129 தட்டுகள் இயங்கும் நிலையில் இருந்தன. அந்த 129இல், முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே என்று 2003 ஆம் ஆண்டில் அவர்கள் எழுதி வெளியிட்டனர். எஞ்சிய தட்டுகளிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை எண்கள் கிடைத்தன. ஒரு தட்டு வங்கியின் பணம் வழங்கும் எந்திரத்தில் இருந்தது போலும்; அதில் வாடிக்கையாளரின் கணக்கு எண்கள் இருந்தன. வேறொன்றில் ஒரு மடல் இருந்தது. புற்றுநோயுற்ற தன் பிள்ளைக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை நிறைவளிக்கவில்லை என்று ஒரு தந்தை மருத்துவருக்கு எழுதிய மடல் அது.

"மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவர் அஞ்ச வேண்டுவதில்லை" என்று எளிதாகக் கூறுவாருளர். அந்தத் தந்தை மறைத்த குற்றம் யாது? அவர் எழுதியது குற்றமன்று; துயரம். மருத்துவர் ஒருவர் காண எழுதியதை, சில காசுக்குத் தட்டை வாங்கிய எவரும் படிக்கலாம் என்னும் நிலை வந்ததே தவறு. கடன் அட்டை எண் களவு போனால் அட்டையை மாற்றிக்கொள்ளலாம். நோயும் துயரும் பிறர் கைக்குப் போனபின் அவற்றை மாற்றிக்கொள்ள வழியில்லை.

இவ்வளவும் கவனமின்மையால் மட்டும் நேர்ந்தன என்று கூறுதல் பொருந்தாது. அத்தட்டுகளை விற்றவருள் பலர் தம் கோப்புகளை அழித்துவிட்டதாகவே நம்பியிருந்தனர். அழித்தும் அழியாமை ஏன் என்பதை அறிய, பொறியின் நடைமுறையைச் சிறிது காணல் வேண்டும்.

பெரிய நூலகம் ஒன்றில் ஆயிரக்கணக்கான நூல்கள் அடுக்கப்பட்டுள்ளன. எந்த நூல் எந்த அலமாரியில் உள்ளது என்பதை வாயிலருகே உள்ள அட்டைகள் காட்டும். ஒரு நூலை நீக்குமாறு தலைவர் பணிக்கின்றார். பணியாளர் அதன் அட்டையை மட்டும் கிழித்து எறிந்துவிட்டு, "நீக்கிவிட்டேன்" என்கின்றார். நூலோ அலமாரியிலேயே இருக்கின்றது. அட்டையைத் தேடி வருபவர்க்கு அது கிடைக்காது. அலமாரிகளைத் தாமே துழாவுபவர்க்குக் கிடைக்கும். புதிய நூல் ஒன்று வந்து அவ்விடத்தைப் பற்றும்வரை பழைய நூல் அங்கேயே இருக்கும். கணினியும் பெரும்பாலும் இவ்வாறே செய்கின்றது. கோப்பை அழிக்குமாறு கட்டளையிட்டால், அக்கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை நீக்கி, "இவ்விடம் வெற்றிடம்" என்று எழுதிக்கொள்கின்றது. அவ்விடத்திலுள்ள எழுத்தைத் தொடுவதில்லை. ஃபார்மட் என்னும் பெயரால் விரைந்து செய்யப்படும் செயலும் பெரிதும் இத்தகையதே. அட்டைகள் அனைத்தையும் ஒருங்கே களைந்து புதிய வெற்றுப் பேரேட்டை வைப்பதோடு அது நின்றுவிடும். அலமாரிகளைத் துழாவும் மென்பொருள்களோ விலையின்றியும் கிடைக்கின்றன. அவற்றை இயக்கப் பெரும்புலமை வேண்டுவதில்லை.

இம்முறையைப் பொறியாளர் வேண்டுமென்றே வகுத்தனர். அட்டையைக் கிழிப்பது நொடியில் முடியும். நூலை எடுத்து அரைத்துக் கூழாக்க நேரம் செல்லும். தவறுதலாக அழித்ததை மீட்கவும் இது உதவுகின்றது. ஆகவே அமைப்பைப் பழிப்பதற்கில்லை. பழிக்கத் தக்கது அதற்கு இட்ட பெயர். திரையில் "அழி" என்று எழுதிவைத்துவிட்டு, "மறை" என்னும் வினையைச் செய்வது சொல்லுக்கும் செயலுக்கும் பொருந்தாதது. மருந்துப் புட்டியின்மேல் பொய்ப்பெயர் ஒட்டினால் சட்டம் ஒறுக்கின்றது. கோடிக்கணக்கானவர் நாள்தோறும் அழுத்தும் பொத்தானின்மேல் எழுதிய சொல் மெய்யாதல் வேண்டும் என்று கேட்பது மிகையன்று. "பெயர் நீக்கப்பட்டது, உள்ளடக்கம் இன்னும் உள்ளது" என்று ஒரு வரி சேர்ப்பதனால் உற்பத்தியாளர்க்கு என்ன இழப்பு?

பண்டைத் தமிழ் ஏடுகளின் கதை இதற்கு நேர்மாறானது. ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விட்டவர்களைப் பற்றி உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதினார். காக்க வேண்டியவை நீரோடு போயின. இன்றோ போக வேண்டியவை போகாமல் நிற்கின்றன.

தனி மனிதர் தம் கணினியை விற்பதனால் வரும் கேடு பெரும்பாலும் அவரையும் அவர் குடும்பத்தையும் சார்ந்தது. நிறுவனங்கள் விற்கும்போது கேடு பிறரைச் சாருகின்றது. இந்த வேற்றுமையை வற்புறுத்துதல் வேண்டும். மருத்துவமனையின் வன்தட்டில் இருப்பது மருத்துவமனையின் செய்தி அன்று, நோயாளியின் செய்தி. வங்கியின் தட்டில் இருப்பது பணம் இட்டவர் செய்தி. அவர்கள் அதனைக் கொடுத்தது நம்பிக்கையினால். சில வேளைகளில் வேறு வழியில்லாமையால்.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அந்நகரின் பொது மருத்துவமனை அமைப்பு ஏறத்தாழ 1,000 பழைய வன்தட்டுகளை அழிப்பதற்காகப் பூட்டிய அறையில் வைத்திருந்தது. அழிக்கும் பணி வெளியார் ஒருவரிடம் விடப்பட்டது. 2010 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அவற்றுள் குறைந்தது 252 தட்டுகள் இணைய ஏலத்தில் விலைபோயின. எச்.ஐ.வி. நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகளும் அவற்றில் இருந்தன. பூட்டிய அறையிலிருந்து அத்தனை தட்டுகள் எவ்வாறு வெளியேறின என்பதை மருத்துவமனையால் விளக்க இயலவில்லை. அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் 2012இல் 3,25,000 பவுன் தண்டம் விதித்தது. பொது மருத்துவமனையின் தண்டம் பொதுப்பணத்திலிருந்தே செல்லும் என்பதும் கருதத் தக்கது.

இதனினும் பெரியது நியூயார்க்கு நகரின் மார்கன் ஸ்டான்லி என்னும் நிதி நிறுவனத்தின் செய்தி. அந்நிறுவனம் 2016இல் தன் கணினிக் கூடங்களை மூடியது. ஆயிரக்கணக்கான தட்டுகளை அப்புறப்படுத்தும் பொறுப்பை அது யாரிடம் ஒப்படைத்தது? தட்டுமுட்டுச் சாமான்களை வீடு மாற்றித் தரும் ஒரு குழுமத்திடம்! செய்தியை அழிப்பதில் அக்குழுமத்துக்குப் பழக்கம் இல்லை. அது அவற்றை வேறொருவர்க்கு விற்றது. அவை கைமாறி இணைய ஏலத்தை அடைந்தன. ஏலத்தில் வாங்கிய ஒருவர், தட்டுகளில் வாடிக்கையாளரின் செய்தி இருப்பதைக் கண்டு நிறுவனத்துக்கே எழுதித் தெரிவித்தார். ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் வாடிக்கையாளரின் செய்திகளைக் காக்கத் தவறியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2022 செப்டம்பரில் 3 கோடியே 50 இலட்சம் டாலர் தண்டம் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. சில தட்டுகளே மீட்கப்பட்டன. மிகப் பல மீட்கப்படவில்லை. காணாமற்போன வேறு சில கருவிகளில் செய்தியை மறையாக்கும் வசதி முன்பே இருந்தது என்பதும், அதனை முடுக்கிவிட ஆண்டுக்கணக்கில் எவரும் முனையவில்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன.

கணினி என்று எவரும் கருதாத பொருளிலும் இவ்வாபத்து உண்டு. அலுவலகங்களில் உள்ள பெரிய ஒளிநகல் எந்திரங்கள் பல தம்முள் வன்தட்டைக் கொண்டவை. படியெடுக்கும் தாளின் உருவம் அதில் பதிந்து தங்கக்கூடும். நியூயார்க்கின் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, வாடகைக்கு எடுத்த ஒளிநகல் எந்திரங்களைத் துடைக்காமல் திருப்பித் தந்தது. அவற்றுள் ஒன்றைத் தொலைக்காட்சிச் செய்தியாளர் 2010இல் வாங்கித் திறந்தபோது நோயாளரின் குறிப்புகள் வெளிவந்தன. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013இல் அந்நிறுவனம் 12 இலட்சம் டாலருக்கு மேல் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இனி, அழிக்கும் வழி யாது? காந்தத் தட்டால் ஆகிய வன்தட்டுக்கு வழி எளியது. பழைய எழுத்தின்மேல் புதிய எழுத்தை எழுதிவிட வேண்டும். முதற்பகுதி தொடங்கி இறுதிப்பகுதிவரை சுழி ஒன்றையே எழுதிச் சென்றாலும் போதும். எழுதி முடிக்கச் சில மணி நேரம் செல்லும்; அவ்வளவே. இதைப் பற்றி ஒரு மூடநம்பிக்கையும் வளர்ந்தது. நியூசிலாந்து அறிஞர் பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அக்காலத்துப் பலவகைத் தட்டுகளுக்கும் பொருந்துமாறு 35 முறை மேலெழுதும் வரிசை ஒன்றைத் தந்தார். எந்தத் தட்டுக்கும் அவ்வரிசை முழுவதும் வேண்டும் என்று அவர் கருதவில்லை. ஆயினும் உலகம் 35 என்னும் எண்ணைப் பற்றிக்கொண்டது. மந்திரத்தை எண்ணிக்கை தவறாமல் உருவேற்றுவதுபோல் மக்கள் இதனைச் செய்கின்றனர் என்று பின்னாளில் அவரே குறைகூற நேர்ந்தது. இக்காலத்து வன்தட்டுக்கு ஒருமுறை முழுமையாக மேலெழுதினாலே ஆய்வுக்கூடக் கருவிகளாலும் மீட்டல் அரிதாகும் என்று அமெரிக்க அரசின் தர நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. இந்த வீண்நம்பிக்கை சிறிய தவறு போலத் தோன்றலாம். ஆனால் 35 முறை எழுத நாட்கணக்காகும் என்று அஞ்சி ஒருமுறையும் எழுதாமல் விடுவோர் இருப்பதனால் இது கேடு பயப்பதாகும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய சேமிப்பகத்திலும் பென் டிரைவிலும் சுழலும் தட்டு இல்லை. மின்னேற்றத்தைத் தாங்கும் நுண்ணறைகளே உள்ளன. ஓர் அறையில் பன்முறை எழுதினால் அது தேய்ந்துவிடும். ஆதலின் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, எழுதும் வேலையை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்து அளிக்கின்றது. பழைய எழுத்தின்மேல் எழுதுமாறு கணினி கட்டளையிட்டால், சில்லு அதனைப் புதிய அறை ஒன்றில் எழுதிவிட்டுப் பழைய அறையை ஒதுக்கி வைக்கும். வெளியிலிருந்து காண முடியாத உபரி அறைகளும் உண்டு. எனவே ஒரு கோப்பை மட்டும் மேலெழுதி அழிக்கும் முறைகள் இங்குப் பயன்படா. காந்தத்தின் ஆற்றலால் அழிக்கும் கருவியும் பயன்படாது. அங்குக் காந்த எழுத்தே இல்லையே! சேமிப்பகத்தைச் செய்தவர் அதனுள்ளேயே அமைத்த அழிப்புக் கட்டளையை இயக்குதல் வேண்டும்.

இவற்றிலும் சிறந்த வழி முதல் நாளிலேயே தொடங்குவது. செய்தி முழுவதையும் மறைமொழியாக்கிச் சேமித்தால், அதனைத் திறக்கும் குறியீட்டுச் சாவி ஒன்றை அழிப்பதே போதும். எஞ்சியவை பொருளற்ற எழுத்துக் குவியல். இக்காலக் கைப்பேசிகள் பெரும்பாலும் இம்முறையில் அமைந்தவை. முற்காலக் கைப்பேசிகள் அவ்வாறு அல்ல. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015இல் பழைய ஆண்டிராய்டுக் கைப்பேசிகள் 21ஐ ஆராய்ந்தனர். தொடக்க நிலைக்கு மீட்கும் கட்டளையை இட்ட பின்னரும் அவற்றிலிருந்து குறுஞ்செய்திகளையும் படங்களையும் கணக்கைத் திறக்கும் அடையாளங்களையும் மீட்க முடிந்தது என்று கண்டனர். மேசை அறையில் முடங்கிக் கிடக்கும் பழங்கைப்பேசியைப் புதியதுபோல் எண்ணி விற்றுவிடலாகாது.

இத்தனை தொல்லை எதற்கு, சம்மட்டியால் அடித்து நொறுக்கினால் ஆகாதோ என்று வினவலாம். பல அலுவலகங்கள் அதனையே விதியாகக் கொண்டுள்ளன. இயங்காத தட்டுக்கும், கடுமையான அரசு மறைபொருளைத் தாங்கிய தட்டுக்கும் அது தகும். நல்ல நிலையிலுள்ள தட்டை அச்சத்தினால் நொறுக்குவது வீண்செலவு. ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் வெளியிட்ட கணக்கின்படி 2022 ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்கும் இல்லை. ஒழுங்காகத் துடைத்த கணினி ஒன்று, புதியதை வாங்க இயலாத மாணவன் ஒருவனுக்கு மேலும் ஐந்தாண்டு உழைக்கும். துடைக்கத் தெரியாமையால் அது பரணில் துருவேறுகின்றது. அல்லது துடைக்காமலே கைமாறுகின்றது. இரண்டும் அறியாமையின் பிள்ளைகள்.

பழம்பொருள் வாங்கும் சிறு வணிகரைக் குற்றவாளிபோல் நோக்கும் மனப்பான்மையும் மாற வேண்டும். பொருளைக் கைமாற்றி மறுபடியும் பயன்படச் செய்பவர் அவர். அவரிடம் தட்டு வருமுன்னரே அது வெறுமையாகியிருத்தல் வேண்டும். மேற்கூறிய வழக்குகளில் தண்டம், தட்டை வாங்கியவர்மீது விழவில்லை. காக்கும் கடமை பூண்டிருந்த நிறுவனத்தின்மீதே விழுந்தது. அதுவே நேர்மை. இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெற்ற நோக்கம் நிறைவேறியபின் தரவை அழிக்கும் கடமையை நிறுவனங்களுக்கு விதிக்கின்றது. உரிய பாதுகாப்பு அளிக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் வழி செய்கின்றது.

ஆயினும் பல அலுவலகங்களில் இக்கடமை ஒரு சான்றிதழோடு முடிந்துவிடுகின்றது. "இத்தனை தட்டுகள் அழிக்கப்பட்டன" என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கையொப்பமிடுகின்றார். அலுவலர் அதனைக் கோப்பில் சேர்க்கின்றார். பத்தில் ஒரு தட்டையேனும் எடுத்து இயக்கிப் பார்ப்பவர் எவருமில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர் 2011இல் எஸ்.எஸ்.டி.க்களைச் சோதித்தபோது, அவற்றின் உள்ளமைந்த அழிப்புக் கட்டளையை இயக்கினர். அவற்றுள் ஒன்று அழிப்பு நிறைவேறியதாக விடையளித்தது. அவ்விடையோடு நில்லாமல் அவர்கள் அதன் சில்லுகளை நேரே படித்துப் பார்த்தனர். முன்பு எழுதியிருந்தவை யாவும் ஓர் எழுத்தும் குறையாமல் அப்படியே இருந்தன.